பல்கலைக்கழகத்துக்கு முந்திய கோடை: ஆட்டிசமுள்ள மாணவர்களுக்கான ஆயத்தம்

ஆட்டிசம் பற்றித் தமிழில் இப்போது ஓரளவு எழுதப்படுகிறது. யெஸ். பாலபாரதியின் ‘ஆட்டிசம்: சில புரிதல்கள்’ போன்ற நூல்கள் பல பெற்றோருக்கு முதல் வழிகாட்டியாக இருந்திருக்கின்றன. ஆயினும் நம்மிடம் உள்ள எழுத்துகளில் பெரும்பாலானவை சின்னஞ்சிறு குழந்தைகளைப் பற்றியவை. இரண்டு வயதில் பேச்சு வரவில்லை, கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கவில்லை, எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்ற கேள்விகளோடு அவை நின்றுவிடுகின்றன. அந்தக் குழந்தை வளர்ந்து, பள்ளி இறுதித் தேர்வில் தேறி, பல்கலைக்கழகத்துக்குப் போகும் வயதை அடைந்த பின் என்ன நடக்கிறது? அந்த வாசலைக் கடப்பதற்கு உதவும் கோடைகால ஆயத்தத் திட்டங்கள் பற்றியும், நான் வாழும் ஸ்டுட்கார்ட் நகரில் அதை எப்படிச் செய்துகொள்ளலாம் என்பது பற்றியும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் சொல் பற்றி ஒரு வார்த்தை. மதியிறுக்கம், தன்முனைப்புக் குறைபாடு, புற உலகச் சிந்தனையற்ற நிலை என்று தமிழில் பல பெயர்கள் புழங்குகின்றன. இவற்றில் கடைசிப் பெயர் உண்மைக்கு வெகு தூரமானது. ஆட்டிசமுள்ள பலருக்குப் புற உலகம் அளவுக்கு மீறி உள்ளே வருகிறது. மின்விளக்கின் இரைச்சல், பக்கத்தில் இருப்பவரின் வாசனைத் தைலம், பத்துப் பேர் ஒரே நேரத்தில் பேசும் பேச்சு எல்லாம் ஒரே அளவில் வந்து மோதுகின்றன. எனவே ஆட்டிசம் என்ற சொல்லையே பயன்படுத்துகிறேன். 2021 ஆம் ஆண்டுக்கான உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி உலகில் 127 பேரில் ஒருவருக்கு ஆட்டிசம் இருக்கிறது. இவர்களில் பேச்சே வராதவர்களும் உண்டு. கணிதத்திலும் இயற்பியலிலும் வகுப்பில் முதலாவதாக நிற்பவர்களும் உண்டு. இக்கட்டுரை பல்கலைக்கழகம் வரை வரக்கூடியவர்களைப் பற்றியது.

எழுதப்படாத விதிகள்

பள்ளியில் நன்றாகப் படித்த பிள்ளை பல்கலைக்கழகத்தில் ஏன் தடுமாற வேண்டும்? பாடம் கடினம் என்பதால் மட்டும் அல்ல. பள்ளியில் நேர அட்டவணை உண்டு, வகுப்பறை மாறாது, ஆசிரியருக்குப் பிள்ளையைத் தெரியும், ஏதும் தவறினால் வீட்டுக்குத் தொலைபேசி வரும். பல்கலைக்கழகத்தில் இவை எல்லாம் ஒரே நாளில் இல்லாமல் போகின்றன. அவற்றுக்குப் பதிலாக எங்கும் எழுதி வைக்கப்படாத விதிகள் வந்து சேர்கின்றன.

ஜேர்மனியிலேயே சில உதாரணங்கள் தருகிறேன். விரிவுரை 10 மணி என்று போட்டு, பக்கத்தில் ‘சி.டி.’ என்ற இரண்டு எழுத்துகள் இருந்தால் அது 10.15க்குத்தான் தொடங்கும். இது பழைய இலத்தீன் வழக்கின் சுருக்கம். நேரத்தை நொடி பிசகாமல் கடைப்பிடிக்கும் ஒரு மாணவன் 9.55க்கு வெறும் மண்டபத்தில் உட்கார்ந்து, தவறான இடத்துக்கு வந்துவிட்டோமோ என்று பதறுவான். விரிவுரை முடிந்ததும் இங்கே யாரும் கைதட்டுவதில்லை. எல்லோரும் மேசையில் விரல் முட்டியால் தட்டுவார்கள். முந்நூறு பேர் ஒரே நேரத்தில் மேசையில் தட்டும் ஓசை ஒலிக்கூச்சம் உள்ள ஒருவருக்கு இடி விழுந்தது போல இருக்கும். முதல் வாரத்துப் புதிய மாணவர் வரவேற்பு பல இடங்களில் மதுச்சாலைகளைச் சுற்றி வருவதாக அமைகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, தேர்வு எழுத வேண்டுமானால் குறித்த திகதிக்குள் அதற்குத் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். யாரும் நினைவூட்ட மாட்டார்கள்.

எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்றின் மகன் வேறொரு நகரத்தில் படிக்கப் போனான். ஒன்பது வயதில் ஆட்டிசம் என்று கண்டறியப்பட்டவன். பள்ளியில் அவனுக்கு உதவியாளர் இருந்தார். தேர்வுக்குத் தனி அறை கிடைத்தது. ‘அபிட்டூர்’ எனப்படும் பள்ளி இறுதித் தேர்வில் கணிதத்தில் மிக நல்ல புள்ளி. “இனி உதவி ஒண்டும் வேண்டாம். புது இடம், அங்கை ஒருத்தருக்கும் தெரிய வேண்டாம்” என்று வீட்டில் முடிவெடுத்தார்கள். அவன் முதல் பருவத்தில் ஒரு விரிவுரையையும் தவறவிடவில்லை. பயிற்சித்தாள்களையெல்லாம் வரி தப்பாமல் செய்தான். ஆனால் தேர்வுக்குப் பதிவு செய்ய வேண்டும் என்பது அவனுக்குத் தெரியாது. குழுவாகச் செய்யும் வேலையில் அவனை ஒருவரும் கூப்பிடவில்லை, அவனும் ஒருவரையும் கேட்கவில்லை. உணவுச்சாலையின் இரைச்சல் தாங்காமல் பகல் முழுவதும் சாப்பிடாமல் இருந்திருக்கிறான். இரண்டாம் பருவத்தின் நடுவில்தான் பெற்றோருக்கு விஷயம் தெரிந்தது. தாயார் அழைத்துக் கேட்டபோது, பதினெட்டு வயது நிறைந்த மாணவரைப் பற்றி அவருடைய அனுமதியின்றிப் பெற்றோருடன் பேச முடியாது என்று பதில் வந்தது. சட்டப்படி அது சரியான பதில்தான்.

இந்தப் பையனுக்குக் கணிதம் சொல்லிக்கொடுக்க யாரும் தேவைப்படவில்லை. அவனுக்குத் தேவைப்பட்டதை ஒரு கோடையில் சொல்லிக்கொடுத்திருக்கலாம்.

கோடைகாலத் திட்டங்கள்

அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் ஹன்டிங்டன் என்னும் ஊரில் மார்ஷல் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே 1983 இல் ஆட்டிசம் பயிற்சி மையம் ஒன்றை மாநில அரசு நிறுவியது. அந்த மையம் 2002 இல் ஆட்டிசமுள்ள பல்கலைக்கழக மாணவர்களுக்கென ஓர் ஆதரவுத் திட்டத்தைத் தொடங்கியது. இவ்வகையில் முன்னோடிகளில் ஒன்றாக அது கருதப்படுகிறது. அதன் ஒரு பகுதியாகப் பள்ளியின் இறுதிக் கட்டத்தில் உள்ள மாணவர்கள் கோடையில் வந்து, மாணவர் விடுதியில் தங்கி, உண்மையான பல்கலைக்கழக வகுப்பில் உட்காரும் வாய்ப்பும் ஏற்படுத்தப்பட்டது.

ஐரோப்பாவில் நமக்குப் பக்கத்து உதாரணம் பிரித்தானியாவின் பாத் பல்கலைக்கழகம். 2013 இல் அங்கே ஆட்டிசம் கோடைப் பள்ளி தொடங்கப்பட்டது. மூன்று பகல், இரண்டு இரவு. மாணவர்கள் விடுதி அறையில் தனியாகத் தூங்குகிறார்கள், உணவுச்சாலையில் சாப்பிடுகிறார்கள், மாதிரி விரிவுரை கேட்கிறார்கள், பதற்றத்தைக் கையாளும் வழிகளைப் பேசுகிறார்கள். பாத்தில்தான் பிறகு படிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இதில் பங்கேற்றவர்களை முன்னும் பின்னும் கேட்டு அங்குள்ள ஆய்வாளர்கள் கட்டுரை வெளியிட்டார்கள். பல்கலைக்கழகம் பற்றிய கவலைகள் அவர்களிடம் குறிப்பிடத்தக்க அளவு குறைந்திருந்தன.

2013 முதல் 2016 வரை ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியுதவியுடன் ‘ஓட்டிசம் அன்ட் யூனி’ என்ற திட்டமும் நடந்தது. பிரித்தானியா, பின்லாந்து, நெதர்லாந்து, போலந்து, ஸ்பெயின் ஆகிய ஐந்து நாடுகள் சேர்ந்தன. ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் இடத்துக்கு ஏற்ப நிரப்பிக்கொள்ளக்கூடிய ஒரு வழிகாட்டித் தொகுப்பு அதன் பயனாகக் கிடைத்தது. முதல் நாளில் எங்கே போவது, விரிவுரையாளரிடம் எப்படிப் பேசுவது, கூட்டமும் ஓசையும் தாங்க முடியாதபோது எங்கே ஒதுங்குவது போன்றவற்றைப் படங்களோடு விளக்கும் தொகுப்பு அது.

இத்திட்டங்கள் எல்லாவற்றிலும் பொதுவாக இருப்பது ஒன்றுதான். இவை ஒத்திகைகள். மற்றவர்கள் போகிற போக்கில் பார்த்துக் கற்றுக்கொள்வதை இங்கே வெளிப்படையாகச் சொல்லி, செய்து பார்க்கவும் விடுகிறார்கள். அதில் மிக முக்கியமான பயிற்சி, “எனக்கு இது தேவை” என்று வாய்விட்டுக் கேட்பது.

ஸ்டுட்கார்ட்டில் ஒரு கோடை

ஸ்டுட்கார்ட்டில் இந்த ஒத்திகைக்கான பாகங்கள் தனித்தனியாக இருக்கின்றன. குடும்பம்தான் அவற்றைக் கோர்த்துக்கொள்ள வேண்டும். ஸ்டுட்கார்ட் பல்கலைக்கழகமும் கார்ல்ஸ்ரூவ தொழில்நுட்பக் கழகமும் 2010 இல் சேர்ந்து தொடங்கிய ‘மின்ட் கொல்லெக்’ கணிதம், இயற்பியல் முதலிய பாடங்களில் முன்வகுப்புகளை நடத்துகிறது. ஒக்டோபரில் பருவம் தொடங்குவதற்கு முன்னர், வளாகத்தில் நெரிசல் குறைவாக உள்ள நாட்களில் இவ்வகை வகுப்புகள் நடப்பது நமக்கு நல்லது. பாடம் ஏற்கனவே தெரிந்த பிள்ளைக்கும் இதைப் பரிந்துரைப்பேன். பாடம் தெரிந்திருந்தால், கட்டடத்தையும் மனிதர்களையும் பழகிக்கொள்ள மனம் மிஞ்சியிருக்கும்.

பொறியியலும் இயற்கை அறிவியலும் உள்ள ஃபைகிங்கன் வளாகத்துக்கு எஸ்-பான் தொடருந்தில் ‘யூனிவெர்சிடேட்’ நிலையத்தில் இறங்க வேண்டும். அந்தப் பாதையை முன்கூட்டியே பல முறை போய்ப் பழகுங்கள். வழக்கமான பாதை தடைப்பட்டால் என்ன செய்வது என்பதையும் சேர்த்துப் பழகுங்கள். 2021 கோடை விடுமுறையில் நகர மத்தியின் எஸ்-பான் சுரங்கப்பாதை வேலைகளுக்காக வாரக்கணக்கில் மூடப்பட்டது. பின்வந்த கோடைகளிலும் அது தொடர்ந்தது. நமக்கு அது எரிச்சல். வழமை மாறினால் நிலைகுலையும் ஒருவருக்கு அன்றைய நாளே முடிந்துவிடும். மாற்றுப் பாதை ஒன்று சட்டைப் பையில் எழுதப்பட்டு இருந்தால் அந்த நாள் பிழைக்கும்.

இதுபோலவே உணவுச்சாலைக்கு 11.30க்குப் போனால் எப்படி, 12.30க்குப் போனால் எப்படி என்று பார்த்து வைக்கலாம். நூலகத்தின் அமைதியான மூலையைக் கண்டுபிடிக்கலாம். விரிவுரை மண்டபத்தில் வாசலுக்குப் பக்கத்து இருக்கையைத் தேர்ந்து வைக்கலாம். மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான பொறுப்பாளர் ஒருவர் பல்கலைக்கழகங்களில் இருப்பார். அவரை ஒக்டோபருக்கு முன்பே ஒரு தடவை நேரில் சந்திப்பது எல்லாவற்றிலும் முக்கியம். அந்தச் சந்திப்பில் பேச வேண்டியவர் மாணவர். பெற்றோர் பக்கத்தில் இருக்கலாம்.

சட்டம் தருவது

1994 இல் ஜேர்மன் அரசியல் சட்டத்தின் 3 ஆம் உறுப்புரையில், உடற்குறை அல்லது உளக்குறை காரணமாக எவரும் பாதகமாக நடத்தப்படக் கூடாது என்ற விதி சேர்க்கப்பட்டது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. உடன்படிக்கை இங்கே 2009 இல் நடைமுறைக்கு வந்தது. இவற்றின் அடிப்படையில் பல்கலைக்கழகத் தேர்வுகளில் ‘நாஹ்டைல்ஸ்அவுஸ்கிளைஹ்’, அதாவது பாதகத்தை ஈடுசெய்யும் ஏற்பாடு உண்டு. கூடுதல் நேரம், தனி அறை, வாய்மொழித் தேர்வுக்குப் பதில் எழுத்துத் தேர்வு போன்றவற்றை மருத்துவச் சான்றுடன் விண்ணப்பித்துக் கேட்கலாம். பாடத்தின் தரம் குறைக்கப்படுவதில்லை. இறுதிச் சான்றிதழில் இதுபற்றி ஒன்றும் குறிக்கப்படுவதும் இல்லை. இதைப் பல பெற்றோர் அறியாமலே பயப்படுகிறார்கள்.

படிப்புக்குத் துணை உதவியாளர் தேவைப்பட்டால் சமூக ஒருங்கிணைப்பு உதவியின் கீழ் நகர அல்லது மாவட்ட நிர்வாகத்திடம் கேட்க வேண்டும். உயர்கல்விக்கும் இது பொருந்தும் என்று சமூகச் சட்டத் தொகுப்பின் ஒன்பதாம் நூலின் 112 ஆம் பிரிவு சொல்கிறது. 2018 முதல் இயங்கும், ‘ஓய்டெப்’ என்ற சுருக்கப் பெயர் கொண்ட சார்பற்ற ஆலோசனை நிலையங்கள் இதற்குக் கட்டணமின்றி வழிகாட்டுகின்றன. இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பள்ளியில் கிடைத்த உதவி தானாகப் பல்கலைக்கழகத்துக்குத் தொடர்ந்து வராது. புதிதாகக் கேட்க வேண்டும். விண்ணப்பம் முடிவாக மாதங்கள் ஆகலாம். எனவே கோடைக்கும் முன்பே தொடங்குவது நல்லது.

தமிழகத்தில் உள்ள வாசகர்களுக்கும் சொல்ல வேண்டும். இந்தியாவின் 2016 ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தை அதன் 21 வகைகளுள் ஒன்றாகச் சேர்த்துள்ளது. 40 விழுக்காடோ அதற்கு மேலோ பாதிப்பு உள்ளவர்களுக்கு அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 விழுக்காட்டுக்குக் குறையாத இடம் ஒதுக்கப்பட வேண்டும் என்றும் அது சொல்கிறது. இடம் கிடைத்த பிறகு முதல் பருவத்தைத் தாண்ட என்ன செய்வது என்ற கேள்வி அங்கேயும் இதேதான்.

இரண்டு பக்கமும் மாற வேண்டும்

இத்தகைய திட்டங்கள் மீது ஒரு நியாயமான குறை கூறப்படுகிறது. மாற வேண்டியவர் ஆட்டிசமுள்ளவர் மட்டும்தானா? பிரித்தானியச் சமூகவியலாளர் டேமியன் மில்ட்டன் தாமே ஆட்டிசமுள்ளவர். புரிந்துகொள்ளாமை இரு பக்கமும் உள்ள சிக்கல் என்று 2012 இல் அவர் எழுதினார். கோடையில் கண்ணைப் பார்த்துப் பேசவும் சிரிக்கவும் பழக்கி, மற்றவர் போல நடிக்க வைப்பது உதவி ஆகாது. அது அவர்களைக் களைப்படையச் செய்யும். தேர்வுப் பதிவுத் திகதியை ஒவ்வொரு விரிவுரையாளரும் திரையில் போட்டுக் காட்டினால் எல்லா மாணவருக்கும்தான் நன்மை. நல்ல திட்டம் வழியைக் காட்டும். ஆளை மாற்ற முயலாது.

எமது வீடுகளில் நிலைமை இன்னும் ஒரு படி சிக்கலானது. “நாலு பேருக்குத் தெரிஞ்சால் தங்கச்சியின்ரை கலியாணம் என்னாகும்?” என்று நினைத்து மறைக்கிறோம். சில பிள்ளைகளுக்குத் தமக்கு ஆட்டிசம் என்பதே பதினேழு வயது வரை சொல்லப்படுவதில்லை. தன் பெயர் தெரியாதவன் தனக்கு வேண்டியதை எப்படிக் கேட்பான்? மேலே சொன்ன உரிமைகள் அனைத்தும் கேட்பவருக்கு மட்டுமே கிடைக்கும். மறைத்ததால் நாம் காப்பாற்றியது நம் மானத்தை; பிள்ளை இழந்தது இரண்டு பருவங்களை.

வேலை உலகம் இதில் நம்மைவிடக் கொஞ்சம் முன்னே போயிருக்கிறது. ஆட்டிசமுள்ளவர்களையே கணினி ஆலோசகர்களாக அமர்த்தும் ‘ஓட்டிகொன்’ நிறுவனம் 2011 இல் பெர்லினில் தொடங்கியது. எங்கள் மாநிலத்து வால்டோர்ஃபில் தலைமையகம் கொண்ட எஸ்.ஏ.பி. நிறுவனம், பெங்களூரில் செய்த முன்னோட்டத்துக்குப் பிறகு, 2013 இல் ஆட்டிசமுள்ளவர்களை வேலைக்கு எடுக்கும் திட்டத்தை அறிவித்தது. வாசல் அந்தப் பக்கம் திறந்திருக்கிறது. இந்தப் பக்கம் படிப்பை முடிக்க வேண்டும்.

நான் குறிப்பிட்ட அந்தப் பையன் இப்போது வேறோர் உயர்கல்விக்கூடத்தில் மீண்டும் தொடங்கியிருக்கிறான். இம்முறை விண்ணப்பத்தை அவனே எழுதினான். தனி அறை கிடைத்திருக்கிறது. உங்கள் வீட்டிலோ உறவிலோ அடுத்த ஆண்டு பள்ளி முடிக்கும் இப்படியொரு பிள்ளை இருந்தால், பெயர்ச் சான்று ஒழுங்காக இருக்கிறதா என்று இந்த மாதமே பாருங்கள். வசந்தத்தில் ஆலோசனை நிலையத்துக்குப் போங்கள். பல பாடங்களுக்கு விண்ணப்ப முடிவுத் திகதியான யூலை 15 ஐத் தவறவிடாதீர்கள். செப்டெம்பரைச் சுற்றுலாவுக்குக் கொடுக்காமல் ஒத்திகைக்கு வைத்திருங்கள்.