மலையில் உதைத்த பந்து

மாணவர்களே! கொல்லிமலையில் சுமார் 1,200 மீட்டர் உயரத்தில் உதைத்த பந்தும், கீழே நாமக்கல்லில் உதைத்த பந்தும் ஒரே மாதிரி பறக்குமா? பறக்காது. மலைமேல் காற்றின் அடர்த்தி ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு குறைவு. தடை குறைவதால் பந்து சற்று அதிகத் தொலைவு செல்லும். சுழலும் பந்தை வளைப்பதும் காற்றே. ஆகவே வளைவு குறையும்.

சிக்கிம் மலைநாட்டில் பிறந்த முன்கள வீரர் பாய்ச்சுங் பூட்டியா 1993-இல் கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் அணியிலும், 1999-இல் இங்கிலாந்தின் பெரி அணியிலும், 2003-இல் மலேசியாவின் பேராக் அணியிலும் சேர்ந்தார். குளிர்ந்த காற்று அடர்த்தி மிகுந்தது; வெப்பக் காற்று அடர்த்தி குறைந்தது. ஊர்தோறும் கால் புதிதாகப் பழகவேண்டும்.

நீங்களும் சமவெளிக்கு ஆடச் சென்றால், போட்டிக்கு முன் பத்து முறை உதைத்துப் பந்து விழும் இடத்தைக் கவனியுங்கள்.