பல்லில் அரைபடும் பேரிக்காய்

மலையிலிருந்து வரும் நாட்டுப் பேரிக்காயைக் கடித்தால், சாற்றுக்கு நடுவே மணல் அகப்பட்டதுபோல நறநறக்கும். கழுவாத குறை என்று நினைக்க வேண்டாம். அது 'கல் செல்'. கொய்யாவிலும் உண்டு. செல்லின் சுவர் உள்பக்கமாகத் தடித்து, லிக்னின் ஏறி இறுகி, கடைசியில் செல்லே செத்துப்போகும். மரக்கட்டையைக் கெட்டியாக்குகிற அதே லிக்னின்தான்.

சீனாவின் ஆன்ஹுய் மாகாணத்துத் தாங்ஷான் பேரிக்காயிலும் இந்தத் தொல்லை இருக்கிறது. 2012-இல் அந்த ரகத்தின் மரபணுத் தொகுதி வெளியானதும், லிக்னினோடு தொடர்புள்ளவை போலத் தெரிந்த மரபணுக்கள் வரிசையாகச் சிக்கின. லாக்கேஸ் என்ற நொதிக்கான மரபணுக்கள் அவற்றில் சில. லிக்னினின் உதிரித் துண்டுகளைக் கோத்துவிடுவது இந்த நொதியின் வேலை. ஆனால் சாயலை வைத்து வேலையைத் தீர்மானிக்க முடியாதே! மரத்தில் சோதிக்கலாமென்றால், கன்று காய்க்கவே பல வருடம்.

அதனால் ஆய்வாளர்கள் கடுகுக் குடும்பத்துப் பொடிச்செடியான அரபிடாப்சிஸுக்குப் போகிறார்கள். ஆறேழு வாரத்தில் விதை கொடுத்துவிடும். பேரி மரபணுவை அக்ரோபாக்டீரியம் என்ற நுண்ணுயிரியில் ஏற்றி, சர்க்கரைக் கரைசலில் கலக்கி, செடியைத் தலைகீழாகப் பிடித்துப் பூங்கொத்தை முக்கி எடுப்பார்கள். இவ்வளவுதான், சமையலறை வேலைபோல இருக்கும். விளையும் விதைகளை நுண்ணுயிர்க்கொல்லி கலந்த தட்டில் தூவினால், மரபணு ஏறாத நாற்றுகள் வெளுத்துச் சாகும். பச்சையாய் நிற்பவை நமக்கு வேண்டியவை.

அவற்றின் தண்டைச் சவர பிளேடால் மெல்லிய வில்லையாகச் சீவி, ஃபுளோரோகுளூசினாலும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் விட்டால், லிக்னின் உள்ள இடமெல்லாம் செக்கச்செவேல் என்று சிவக்கும். மாற்றப்படாத செடியின் வில்லையைப் பக்கத்தில் வைத்து, சிவப்பு கூடியிருக்கிறதா, சுவர் தடித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கண் ஏமாற்றும் என்பதால் லிக்னினை வேதிமுறையில் அளந்தும் விடுவார்கள். அரபிடாப்சிஸிலேயே லிக்னின் குறைந்து நீர்க்குழாய்கள் நசுங்கிய ஊனச்செடிகளும் உண்டு. பேரி மரபணு ஏறியதும் அவை நிமிர்ந்தால் சாட்சி இன்னும் வலுவாகும்.

ஒரு குறை மட்டும் எனக்கு உறுத்துகிறது. அரபிடாப்சிஸில் கடித்துப் பார்க்கச் சதைக்கனியே கிடையாது. லிக்னின் கூடியதைச் சொல்லும்; நறநறப்பைச் சொல்லாது. அதற்காக, மரத்தில் தொங்கும் பிஞ்சுக்கே அதே பாக்டீரியாவை ஊசியால் ஏற்றி, சில நாள் கழித்துக் குறுக்கே அறுத்து, அதே சாயத்தை விட்டுச் சிவப்புப் புள்ளிகளைப் பார்க்கிறார்கள்.