அறுப்பு முடியட்டும், பார்க்கலாம்

குடும்ப நலம் பற்றிப் பேச வீடு தேடிப் போனால், “வேண்டாம்” என்று முகத்துக்கு நேரே சொல்கிறவர்கள் குறைவு. “ஆகட்டுங்க, பார்க்கலாம்” என்பதுதான் நாங்கள் அதிகம் கேட்கும் பதில்.

ஒரு தம்பதி. தலைச்சன் குழந்தைக்கு எட்டு மாதம். அடுத்தது உடனே வேண்டாம் என்பதில் இருவருக்கும் ஒரே எண்ணம்தான். அது புரட்டாசி மாதம். “குறுவை அறுப்பு முடியட்டும் சார்” என்றார் கணவர். அறுப்பு முடிந்தது. தீபாவளி போகட்டும் என்றார்கள், பிறகு பொங்கல் போகட்டும் என்றார்கள். மாசியில் அந்தப் பெண் வயிறு கனக்கிறது என்று வந்தபோது நான்காம் மாதம். “எனக்கு இன்னும் தூரமே வரலியே நர்ஸம்மா, எப்படி?” என்று அழுதார். பொங்கல் போகட்டும் என்று அவர்கள் சொன்ன நாளிலேயே கரு தங்கிவிட்டிருந்தது.

இந்த இடத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பிரசவத்துக்குப் பிறகு முதலில் வெளிப்படுவது சினைமுட்டை. அது கருவாகாமல் போனால் சுமார் இரண்டு வாரம் கழித்துத்தான் மாதவிலக்கு வரும். முதல் முட்டையே கருவாகிவிட்டால் மாதவிலக்கு வராமலே கர்ப்பம் வளரும். தாய்ப்பால் ஓரளவு காப்பாற்றும் என்பது உண்மைதான். ஆனால் குழந்தைக்கு ஆறு மாதம் நிறையாமல் இருக்க வேண்டும், இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டும், மாதவிலக்கு திரும்பாமல் இருக்க வேண்டும். இம்மூன்றில் ஒன்று தவறினாலும் அந்தக் காவல் போய்விடும்.

மூத்தது ஒன்றரை வயதாக இருக்கும்போதே அடுத்தது பிறந்தால் என்ன? முதல் பிரசவத்தில் இழந்த இரத்தம் தாய்க்கு இன்னும் ஊறியிருக்காது. வயிற்றில் இருப்பது எடை குறைந்து, மாதம் நிறையாமல் பிறக்கக்கூடும். பிரசவத்திலிருந்து அடுத்த கர்ப்பத்துக்குக் குறைந்தது 24 மாதம் இடைவெளி வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்வது இதனால்தான்.

அந்தத் தம்பதியைச் சோம்பேறிகள் என்று சொல்ல மாட்டேன். விடியற்காலை நாலு மணிக்கு வயலில் நிற்பவர்கள் அவர்கள். நாற்று விடவும் களை எடுக்கவும் நாள் தெரிகிறது, செய்கிறார்கள். இதற்கு ஒரு நாள் குறிக்கப்படவில்லை, அதனால் தள்ளிப்போயிற்று. இன்னொன்றும் உண்டு. “பார்க்கலாம்” என்ற சொல்லுக்குள் பல சமயம் பயம் ஒளிந்திருக்கிறது. காப்பர்-டி நெஞ்சுக்கு ஏறிவிடும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். அது ஏறாது. கருப்பைக்குள் வைக்கும் சிறிய சாதனம் அது. முதல் சில மாதம் இரத்தப்போக்கும் வலியும் கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம், பெரும்பாலும் போகப்போகக் குறைந்துவிடும். பயம் இருந்தால் பயம் என்றே சொல்லுங்கள். அதற்குப் பதில் உண்டு. “பார்க்கலாம்” என்பதற்கு எங்களால் என்ன பதில் சொல்ல முடியும்?

முதலில் இருவரும் உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். தை மாதம் குழந்தை பிறந்தால், இரண்டு வருஷம் கழித்து வரும் தை வரை அடுத்த கர்ப்பம் கூடாது. வீட்டில் தொங்கும் காலண்டரில் இதை எழுதி வையுங்கள். இது உங்கள் குறி. இனி அதற்கான முதல் வேலைக்கு ஒரு தேதி வேண்டும்.

கர்ப்பத்தின் ஏழாம், எட்டாம் மாதத்திலேயே முடிவு செய்துவிட்டால் நல்லது. வலி எடுத்தபின் யோசிக்க முடியாது. பிரசவமான 48 மணி நேரத்துக்குள் மருத்துவமனையிலேயே காப்பர்-டி போட்டுக்கொள்ளலாம். அது தவறிவிட்டால் ஆறு வாரம் பொறுக்க வேண்டும். குழந்தைக்கு ஆறாம் வாரம் தடுப்பூசி போட எப்படியும் சுகாதார நிலையத்துக்கு வருவீர்கள். அன்றைக்கே தாயின் காரியத்தையும் முடித்துக்கொள்ளுங்கள். தனியாக ஒரு நாள் பார்க்கிறோம் என்றால் அந்த நாள் வருவதில்லை.

மாத்திரை எடுப்பவர்களுக்கு ஒரு நாள் முடிவு செய்தால் போதாது, விடாமல் செய்ய வேண்டும். சாயா மாத்திரை முதல் மூன்று மாதம் வாரம் இரண்டு, பிறகு வாரம் ஒன்று. பால் கொடுக்கும் தாய்மாரும் சாப்பிடலாம். ஞாயிறும் புதனும் என்று வைத்துக்கொண்டு, பிறகு ஞாயிறு மட்டும் என்றால் மறக்காது. கறி எடுக்கும் நாள் யாருக்கு மறக்கிறது! மாலா-என் தினமும் சாப்பிட வேண்டியது. பால் கொடுப்பவர்கள் ஆறு மாதத்துக்குப் பிறகே தொடங்க வேண்டும். விளக்கு வைக்கும் நேரம் என்று ஒரே நேரமாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் மறந்தால் நினைவு வந்தவுடன் போட்டுக்கொள்ளலாம். இரண்டு மூன்று நாள் விட்டால் நிரோத் உபயோகித்துக்கொண்டு நர்ஸம்மாவைக் கேளுங்கள். மறந்தது ஒரு மாத்திரை, வெட்கப்பட்டு அட்டையையே தூக்கிப் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அங்கேதான் காரியம் கெடுகிறது.

ஊருக்கெல்லாம் சொல்கிற நானும் இதில் தவறியவன்தான். இரண்டு குழந்தைகள் போதும் என்று தீர்மானித்த பின்னும், என் ஆபரேஷனை மூன்று வருஷம் தள்ளினேன். ஆடிட் இருக்கிறது, முகாம் இருக்கிறது என்று காரணத்துக்குக் குறைவில்லை. கடைசியில் என் வீட்டுக்காரி, “காரணம் வேண்டாங்க, தேதி சொல்லுங்க” என்றாள். ஒரு வெள்ளிக்கிழமையைச் சொன்னேன். கத்தியின்றிச் செய்யும் வாசக்டமி அது. அரைமணி நேரம்கூட ஆகவில்லை, அன்றே வீடு திரும்பினேன். இரண்டு நாள் ஓய்வு. சைக்கிள் மிதிக்கவும் மூட்டை தூக்கவும் ஒரு வாரம் பொறுக்க வேண்டும். ஆனால் அதோடு முடியவில்லை. மூன்று மாதம் நிரோத் உபயோகித்து, பிறகு விந்துப் பரிசோதனை செய்து உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். ஆபரேஷனுக்கு வந்தவர்களில் சிலர் இந்தப் பரிசோதனையைத் தள்ளுகிறார்கள். ஆபரேஷன் நடந்த அன்றே அதற்கும் தேதி கேட்டு வாங்குங்கள்.

கணவர்மார்களுக்கு ஒரு வார்த்தை. நர்ஸம்மா வீட்டுக்கு வரும்போது பெரும்பாலும் நீங்கள் இருப்பதில்லை. “அவரைக் கேட்டுச் சொல்றேன்” என்று மனைவி சொல்வார், அதிலேயே இரண்டு மாதம் போய்விடும். எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு இருவரும் வீட்டில் இருப்பீர்கள் என்று முன்கூட்டியே சொல்லி அனுப்புங்கள்.

காலண்டரில் குறித்த மாதம் வந்து அடுத்த குழந்தை வேண்டுமென்றால், காப்பர்-டியைச் சுகாதார நிலையத்தில் எடுத்துவிடுவார்கள். எடுக்கும் அன்றே ஃபோலிக் அமில மாத்திரையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.