வீடு யாருக்காக?

கடந்த ஆண்டு மகனும் மருமகளும் இரு குழந்தைகளுடன் எங்கள் வீட்டிற்கே குடிவந்தனர். பேத்திக்கு நான்கு வயது, பேரனுக்கு இரண்டு. வந்த இரண்டாவது வாரம், கூடத்தில் இருந்த கண்ணாடி அலமாரியின் கீழ் இழுப்பறையை வெளியே இழுத்து, அதன்மீது ஏறி மேல்தட்டை எட்ட முயன்றான் பேரன். ஆறடி உயர அலமாரி முன்னோக்கிச் சாய்ந்தது. அருகில் துணி மடித்துக் கொண்டிருந்த மருமகள் பாய்ந்து தோள் கொடுத்துத் தாங்கியதால் குழந்தை தப்பினான். அதனுள் இருந்தவை, கருத்தரங்குகளில் எனக்கு அளிக்கப்பட்ட நினைவுக் கேடயங்களும் எங்கள் திருமணத்திற்கு வந்த பீங்கான் கோப்பைகளும். அந்தக் கோப்பைகளில் 38 ஆண்டுகளாக யாரும் ஒரு வாய் காபி குடித்ததில்லை.

"மாமா, இந்த வீட்டில் அவன் கைக்கு எட்டும் உயரத்தில் அவனுக்கென்று எதுவுமே இல்லை. அதனால்தான் ஏறுகிறான்" என்றாள் மருமகள் அன்று மாலை. பற்றாக்குறையான வளத்தை யாருக்கு, எவ்வளவு பங்கிடுவது என்பதுதான் பொருளாதாரத்தின் அடிப்படைக் கேள்வி. முப்பது ஆண்டுகளுக்கு மேல் அதைக் கற்பித்த நான், என் வீட்டுக் கூடத்தில் அதைக் கேட்டுப் பார்த்ததே இல்லை.

அடுக்குமாடி வீடுகளில் கூடம்தான் பெரிய அறை. மாதத்தில் ஓரிரு மணி நேரம் வந்து அமரும் விருந்தினரின் பார்வைக்காக அதை அலங்கரிக்கிறோம். நாள் முழுவதும் அங்கேயே தவழ்ந்தும் ஓடியும் வளரும் குழந்தையிடம் 'தொடாதே' என்கிறோம். பயனுக்காக அன்றிப் பிறர் காண்பதற்காகச் செய்யப்படும் நுகர்வு குறித்து, அமெரிக்கப் பொருளியலாளர் தார்ஸ்டீன் வெப்லன் 1899-இல் ஒரு நூலே எழுதினார். வகுப்பில் அதை விளக்கும்போதெல்லாம் செல்வந்தர்களின் மாளிகைகளையே எடுத்துக்காட்டாகச் சொல்லி வந்தேன்; என் வீட்டு அலமாரி நினைவுக்கு வந்ததில்லை.

அலமாரி சாய்வது அரிதான விபத்தன்று. இழுப்பறையை இழுத்ததும் எடை முன்பக்கம் மாறுகிறது. குழந்தையின் எடையும் சேர்ந்தால் கவிழ்ந்துவிடும். அமெரிக்காவில் இவ்வாறு குழந்தைகள் உயிரிழந்ததால், 2016-இல் ஒரே நிறுவனம் சுமார் 2.9 கோடி இழுப்பறை அலமாரிகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. 2022 டிசம்பரில் அங்கு இதற்கெனச் சட்டமே இயற்றப்பட்டது. நம் வீட்டுக்குத் தேவை இரண்டு 'எல்' ஆங்கிள்களும் சில ஸ்க்ரூக்களும், அரை மணி நேரம் வந்துபோக ஒரு தச்சரும்தான். மேசைமீது நிற்கும் தொலைக்காட்சிப் பெட்டியையும் அப்படியே சுவருடன் பிணைக்கலாம். பால்கனிக் கம்பியின் அருகே ஏறி நிற்க வசதியாக நாற்காலியோ பூந்தொட்டியோ இருந்தால் இன்றே அகற்றிவிட வேண்டும்.

நான் வளர்ந்த ஓட்டு வீட்டில் அலமாரி சுவருக்குள்ளேயே கட்டப்பட்டிருந்தது. சாய்வதற்கு எதுவும் இல்லை. கூடத்தில் ஓர் ஊஞ்சலும் சுருட்டி வைத்த பாய்களும் மட்டுமே. மற்றபடி தரை முழுவதும் பிள்ளைகளுடையது. (மூடாத கிணறும் தரையில் எரிந்த விறகடுப்பும் அதே வீட்டில்தான் இருந்தன என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.)

இத்தாலிய மருத்துவர் மரியா மாண்டிசோரி 1907 ஜனவரியில் ரோம் நகரின் சான் லோரென்சோ பகுதியில், உழைக்கும் குடும்பங்களின் பிள்ளைகளுக்காக 'குழந்தைகளின் இல்லம்' ஒன்றைத் தொடங்கினார். குழந்தைகள் தாமே தூக்கி நகர்த்தக் கூடிய சிறு நாற்காலிகள், தாமே எடுத்துத் தாமே திரும்ப வைக்கக் கூடிய தாழ்வான அலமாரிகள் ஆகியவை அவரது முறையின் அடையாளமாயின. அவர் 1939-இல் சென்னைக்கு வந்து அடையாறில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் தங்கியிருந்தார். இன்று அவர் பெயர் நம் தெருக்களின் பள்ளிப் பலகைகளில் இருக்கிறது. அந்தத் தாழ்வான அலமாரி மட்டும் வீட்டிற்குள் வரவில்லை.

எங்கள் வீட்டில் கேடயங்கள் பரணுக்குச் சென்றன. ("இதைத்தான் பத்து வருஷமாகச் சொல்கிறேன்" என்றார் என் மனைவி.) கண்ணாடிக் கதவுகளைக் கழற்றி, அலமாரியைச் சுவருடன் பிணைத்து, கீழ்த்தட்டுகள் இரண்டைக் குழந்தைகளுக்கு ஒதுக்கினோம். பள்ளிப் பையும் துண்டும் மாட்ட இரண்டரை அடி உயரத்தில் கொக்கிகள் அடித்தோம்.

முதலில் ஒரு தவறு செய்தோம். இருந்த பொம்மைகள் அனைத்தையும் அந்தத் தட்டுகளில் அடுக்கினோம். ஐந்து நிமிடத்தில் எல்லாம் தரையில் கிடந்தன. எதையும் வைத்து விளையாடவில்லை. அமெரிக்காவின் டொலீடோ பல்கலைக்கழகத்தினர் 36 குழந்தைகளிடம் நடத்தி 2018-இல் வெளியிட்ட ஆய்வு இதையே காட்டுகிறது: 16 பொம்மைகள் இருந்தபோதைவிட நான்கு மட்டும் இருந்தபோது குழந்தைகள் ஒவ்வொன்றுடனும் நீண்ட நேரம், பலவிதமாக விளையாடினர். குறைந்து செல் இறுதிநிலைப் பயன்பாட்டு விதியை ஆரஞ்சுப் பழங்களை வைத்தே விளக்கி வந்த எனக்கு இது நல்ல பாடம். இப்போது தட்டில் ஆறு பொம்மைகள்தான்; மற்றவை கட்டிலுக்கு அடியில் ஒரு பெட்டியில். ஞாயிற்றுக்கிழமைதோறும் மாற்றி வைக்கிறோம்.

பொம்மை வாங்குபவர் ஒருவர், பொறுக்குபவர் இன்னொருவர் என்பதுதான் பெரும்பாலான வீடுகளின் நிலை. 2019-ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களும், ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிட்டனர். ஒவ்வொரு முறை கடைத்தெருவுக்குப் போகும்போதும் ஏதேனும் வாங்கி வந்தவன் நான்தான். தன் கொக்கியில் தானே துண்டை மாட்டும் பேத்தியைப் பார்த்த பிறகுதான், மடித்து வைத்த என் துணிகள் இத்தனை காலம் தாமாகவே அலமாரிக்குள் போய்ச் சேரவில்லை என்பது உறைத்தது.

பெயிண்ட் குறித்தும் ஒரு சொல். வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்கைத் தாண்டக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பு கதவுக்கும் ஜன்னல் கம்பிக்கும் அடித்த பெயிண்டில் ஈயம் கூடுதலாக இருக்கக்கூடும். ஈயத் தூசி குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். ஆகவே, பழைய பெயிண்டைத் தேய்த்து எடுக்கும் நாள்களில் அவர்களை உறவினர் வீட்டில் விட்டுவிடுவது நல்லது.

வாடகை வீட்டில் இருப்போருக்கு ஒரு சிக்கல் உண்டு. சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்பது பல உரிமையாளர்களின் முதல் நிபந்தனை. ஒப்பந்தம் எழுதும்போதே, அலமாரியைப் பிணைக்க இரண்டு துளைகளுக்கு மட்டும் அனுமதி கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளலாம். காலி செய்யும் நாளில் அவற்றைப் பூசித் தர ஒரு கொத்தனாருக்குச் சில நூறு ரூபாய் ஆகும்.