இரவு வண்டியில் இருக்கையும் படுக்கையும்

இரவு முழுவதும் ஓடும் இரயில் வண்டியில் ஏறுவோர் இரு வகையினர். படுத்துறங்க இடம் பெற்றவர் ஒரு வகை. உட்காரவேனும் இடம் கிடைக்குமா என்று தேடுபவர் மற்றொரு வகை. ஒரே வண்டியில் இவ்விரு வகையினருக்கும் எவ்வாறு இடம் பங்கிடுவது? கேட்பதற்கு எளிதாயினும், விடை காண்பதற்கு அரிய கணக்கு இது.

பெரம்பூர்த் தொழிற்சாலையில் உருவான பழைய வகைப் படுக்கைப் பெட்டியை எடுத்துக்கொள்வோம். அதில் 9 பகுதிகள் உண்டு. ஒவ்வொரு பகுதியிலும் எதிரெதிராக மும்மூன்று அடுக்குகள். நடைவழிக்கு அப்பால் சன்னலோரமாக மேலும் இரண்டு. ஆக 72 படுக்கைகள். பகலில் நடுப் படுக்கைகளை மடக்கிவிட்டால் கீழே மும்மூவர் அமரலாம். சன்னலோரக் கீழ்ப் படுக்கை இரண்டு இருக்கைகளாகப் பிரியும். எனவே இரவில் எத்துணைப் பேர் உறங்குகிறார்களோ, அத்துணைப் பேரே பகலில் அமர்கிறார்கள்.

ஆனால், நடுப் படுக்கையை விரித்தபின் கீழே நிமிர்ந்து அமர இயலாது. ஒருவர் உறங்க விரும்பும் வேளையில் மற்றொருவர் உணவுப் பொட்டலத்தைப் பிரிப்பார். இப்பூசலைத் தீர்க்கவே, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரையே படுக்கையாகக் கொள்ளலாம் என்று 2017-இல் இரயில்வே வாரியம் வரையறுத்தது. நோயுற்றோர், மாற்றுத் திறனாளிகள், கருவுற்ற மகளிர் ஆகியோர் கூடுதலாக உறங்க விரும்பினால் பிறர் ஒத்துழைக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டது.

'ஆர்.ஏ.சி.' என்னும் ஏற்பாடும் ஒரு சமரசமே. சன்னலோரக் கீழ்ப் படுக்கை ஒன்று இருவருக்கு இருக்கைகளாக அளிக்கப்பெறுகிறது. முன்பதிவு செய்த எவரேனும் வாராதொழியின், அவ்விடம் இவ்விருவருள் ஒருவருக்குக் கிட்டும். எஞ்சியவரும் கால் நீட்டிப் படுப்பார்.

இன்னும் நெருக்கினால் என்ன என்று எண்ணி, சன்னலோரத்திலும் நடுப் படுக்கை ஒன்றைச் செருகிச் சில பெட்டிகளில் 72-ஐ 81 ஆக்கிப் பார்த்ததும் உண்டு. நிமிர்ந்து அமரவும் இயலாமல், நன்கு படுக்கவும் இயலாமல் பயணிகள் முறையிடவே, சாதாரணப் படுக்கைப் பெட்டிகளில் அம்முயற்சி கைவிடப்பட்டது.

இனி, முன்பதிவில்லாப் பெட்டியைப் பாருங்கள். அதே நீளமுள்ள பழைய பெட்டியில் 90 பேர் அமரலாம். திருவிழா நாள்களிலோ நடைவழியிலும் கதவோரத்திலும் மக்கள் விடிய விடிய நிற்கின்றனர். படுக்கைப் பெட்டி ஒன்றைக் கழற்றி இதனை மாட்டினால் கூடுதலாகக் கிடைப்பவை 18 இருக்கைகள். இழப்பதோ 72 பேரின் உறக்கம். புதிய பெட்டிகளைச் சேர்த்துக்கொண்டே போகவும் வழியில்லை. நடைமேடையின் நீளம் அதற்கு எல்லை வகுக்கிறது.

ஆகவே எது மிக வேண்டும் என்பதைப் பயண நேரத்தைக் கொண்டே முடிவு செய்தல் தகும். மூன்று மணி நேரப் பயணிக்கு இருக்கை போதும். விடியலில் இறங்கி நேரே வேலைக்குச் செல்பவருக்கு உறக்கம் ஆடம்பரமன்று. அது மறுநாள் உழைப்பின் முதல்.