ட்யூபில் எழுதியிருப்பதைப் படியுங்கள்

"அண்ணே, மூஞ்சிக்குப் போடுற அந்த ட்யூப் ஒண்ணு குடுங்க."

எந்த ஊர் மெடிக்கல் ஷாப்பிலும் சற்று நேரம் நின்றால் இந்தக் குரல் காதில் விழும். டாக்டர் சீட்டு எங்கே என்று கடைக்காரர் கேட்பதில்லை. வாங்குபவருக்கு மருந்தின் பெயர் தெரியாது. அட்டையின் நிறம் தெரியும், அது போதும். பில்லும் கிடையாது. மீதிச் சில்லறையை வாங்கிக்கொண்டு அவர் நடையைக் கட்டிவிடுவார்.

கதை பெரும்பாலும் ஒரே மாதிரிதான் தொடங்குகிறது. நெற்றியோரம் கொஞ்சம் அரிப்பு, மூக்கின் இரு பக்கமும் செதில், கன்னத்தில் மங்கு. பக்கத்து வீட்டு அக்கா தான் பூசும் ட்யூபைக் கொடுக்கிறார். மூன்றே நாளில் அரிப்பு நிற்கிறது. ஒரு வாரத்தில் முகம் பளிச்சென்று ஆகிறது. என்ன பூசுகிறாய் என்று நாலு பேர் விசாரிக்கிறார்கள். ட்யூப் தீர்ந்து நாலைந்து நாள் விட்டால் முகம் சிவக்கிறது, எரிகிறது, பொரிப்பொரியாகக் கிளம்புகிறது. மறுபடி பூசினால் அடங்குகிறது. இப்படியே இரண்டு மூன்று வருடம் ஓடிவிடும். அதற்குள் கன்னத்தில் சிவப்பு நூலைப் பிரித்துப் போட்டதுபோல மெல்லிய ரத்தக்குழாய்கள் தெரியத் தொடங்கும். தாடையோரம் பூனை முடி வளரும். பருவ வயதைத் தாண்டிய நாற்பதில் பரு வரும். அடுப்படியில் நின்றாலோ வெயிலில் பஸ்சுக்குக் காத்திருந்தாலோ முகம் தீயாய்க் காந்தும்.

"எத்தனையோ மருந்து போட்டாச்சு, ஆறவே மாட்டேங்குது" என்று அந்தப் பெண் தோல் டாக்டரிடம் வந்து அழும்போது, ஆறவிடாமல் வைத்திருப்பது அவர் நம்பிப் பூசிய அந்த ட்யூபே. அதில் இருப்பது ஸ்டீராய்டு. ஸ்டீராய்டால் சிதைந்து, அது இல்லாமல் இருக்க முடியாத நிலைக்கு வந்துவிட்ட முகத்துக்கு இந்தியத் தோல் மருத்துவர்கள் தனியாக ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள். அந்த அளவுக்கு இது நம் நாட்டு நோய்.

நாட்டின் பல பகுதிகளைச் சேர்ந்த தோல் மருத்துவர்கள் சேர்ந்து நடத்திய ஓர் ஆய்வு 2011இல் வெளியானது. முகத்தோல் பிரச்சினையோடு வந்த 2,926 பேரைப் பார்த்ததில் 433 பேர் முகத்தில் ஸ்டீராய்டு பூசிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் 257 பேருக்கு அதைச் சொல்லிக் கொடுத்தவர் டாக்டரே அல்ல. கடைக்காரர், உறவினர், தோழி, பியூட்டி பார்லர். 126 பேர் முகம் வெளுக்கவோ, பொதுவான கிரீமாகவோ, ஷேவிங் முடித்த பிறகோ பூசினார்கள். பத்தில் ஒன்பது பேருக்குப் பக்கவிளைவு வந்திருந்தது. பழியை முழுக்கக் கடைக்காரர் தலையில் கட்டிவிடவும் முடியாது. டாக்டர் சீட்டோடு வாங்கியவர்களிலும் பெரும்பாலோர் ஒருமுறை எழுதிய சீட்டை வைத்துத் திரும்பத் திரும்ப வாங்கியவர்கள்.

ஸ்டீராய்டு கெட்ட மருந்து அல்ல. இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் பயந்துபோய் அதை அடியோடு ஒதுக்குபவர்களும் துன்பப்படுகிறார்கள். 1952இல் தோலில் பூசும் ஹைட்ரோகார்டிசோன் வந்தபோது தோல் மருத்துவமே மாறியது. கை காலில் தடித்துப்போன கரப்பானுக்கு வீரியமான ஸ்டீராய்டை டாக்டர் இரண்டு வாரம் எழுதினால் அது சரியான மருந்து. அதே களிம்பை முகத்துக்குக் கொண்டுபோவதில்தான் வினை. முன்கைத் தோல் உறிஞ்சுவதைப்போல நெற்றித்தோல் ஏறக்குறைய 6 மடங்கும், தாடையோரத் தோல் 13 மடங்கும் ஸ்டீராய்டை உள்ளே இழுக்கும் என்று 1967இலேயே அளந்து சொல்லிவிட்டார்கள். கண்ணிமைத் தோல் இன்னும் மெல்லியது. அங்கே மாதக்கணக்கில் பூசினால் கண் அழுத்தமும் புரையும் வரக்கூடும்.

ட்யூபின் மேல் பொடி எழுத்தில் இருக்கும் வேதிப்பெயரைத்தான் படிக்க வேண்டும். க்ளோபீட்டாசால், பீட்டாமெத்தசோன், மோமெட்டசோன், ஃப்ளூசினோலோன், பெக்லோமெத்தசோன். கடைசியில் 'சோன்', 'சால்', 'லோன்' என்று முடிந்தால் உஷாராகக் கேட்க வேண்டும் என்பது நல்ல அடையாளம்தான். முழு விதி அல்ல, பூஞ்சை மருந்துகளின் பெயரும் 'சோல்' என்று முடியும். மங்குக்கு விற்கும் மூன்று மருந்துக் கலவையை இன்னும் கவனிக்க வேண்டும். ஹைட்ரோக்வினோன், ட்ரெட்டினாயின், கூடவே ஒரு ஸ்டீராய்டு. அமெரிக்கத் தோல் மருத்துவர் ஆல்பர்ட் க்ளிக்மனும் வில்லிஸும் 1975இல் வெளியிட்ட கலவை அதன் மூலம். டாக்டரின் கண் பார்வையில் சில வாரம் பூச வேண்டியதை, இங்கே கல்யாணம் நிச்சயமான நாளிலிருந்து வளைகாப்பு வரை பூசுகிறார்கள். நிறம் குறைவு என்று பெண் பார்க்க வந்தவர்கள் சொல்லிவிட்டுப் போன ஒரு சொல், ஒரு பெண்ணின் தோலை இந்த அளவுக்கு அரித்துவிடுவது பொறுத்துக்கொள்ளக்கூடிய செய்தி அல்ல.

சரி, முதன்முதலில் அரித்தது எதனால்? ட்யூப் அந்தக் கேள்வியை மூடிவிடுகிறது. பதில் கிடைக்காதவரை முகம் ஆறாது.

மூக்கோரமும் புருவத்திலும் எண்ணெய்ப்பசையோடு செதில் உதிர்ந்தால், தலையில் பொடுகும் இருந்தால், அது தோலில் இயல்பாக வாழும் ஒரு ஈஸ்ட்டோடு தொடர்புள்ள அழற்சி, கீட்டோகோனசோல் கேட்கும். வட்டமாக ஓரம் தடித்துப் பரவினால் படர்தாமரையாக இருக்கலாம். அதன்மேல் ஸ்டீராய்டு பூசினால் சிவப்பு மட்டும் மறைந்து பூஞ்சை உள்ளே ஜோராக வளரும். அனுபவமுள்ள டாக்டரே தடுமாறும் அளவுக்கு உருமாறிவிடும்.

ஒவ்வாமை என்றால் துப்பறியும் வேலை. வெள்ளிக்கிழமை தலைக்குச் சாயம் பூசியவருக்கு ஞாயிற்றுக்கிழமை கண்ணிமை வீங்கும்; காதுமடல், நெற்றியோரம் சிவக்கும். தலைத்தோலில் ஒன்றுமே தெரியாது என்பதால் சாயத்தின்மேல் சந்தேகமே வராது. காரணம் கருப்புச் சாயத்தில் இருக்கும் பிபிடி என்ற ரசாயனம். நெயில் பாலிஷ் போட்ட விரல் கண்ணைக் கசக்கினால் நகத்தில் ஒன்றும் வராது, இமையில்தான் வரும். ஒட்டும் பொட்டின் பசையில் உள்ள ஒரு ரசாயனம் நடு நெற்றியில் முதலில் அரிப்பையும் பிறகு பொட்டின் அளவுக்கே வெள்ளைத் திட்டையும் உண்டாக்கும். வயல்வரப்பில் வேலை பார்க்கும் ஆண்களுக்கு வேறு கதை: பார்த்தீனியம் செடியின் காய்ந்த தூள் காற்றில் வந்து முகம், கழுத்து மடிப்பு, முழங்கை மடிப்பு எல்லாம் தடித்துக் கருக்கும். எலுமிச்சைச் சாற்றைத் தடவி வெயிலில் போகிறவர்களுக்கு வெந்த புண்போலவே ஆகும்; இயற்கை என்பதால் தோல் மன்னிப்பதில்லை.

எது ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடிக்க பேட்ச் டெஸ்ட் இருக்கிறது. சந்தேகப்படும் பொருள்களைச் சின்னச் சின்னக் கிண்ணங்களில் வைத்து முதுகில் ஒட்டுவார்கள். 48 மணி நேரம் முதுகு நனையக் கூடாது, வியர்க்கக் கூடாது. எடுத்தவுடன் ஒருமுறை, ஓரிரு நாள் கழித்து இன்னொரு முறை பார்ப்பார்கள். ரத்தத்தில் செய்யும் அலர்ஜி டெஸ்ட் இந்த வகைக்கு உதவாது. அதற்கு ஆயிரக்கணக்கில் செலவழிக்குமுன் கேட்டுக்கொள்வது நல்லது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் நோய்ப் பிரிவு உண்டு. ஓ.பி. சீட்டு வாங்கினால் அங்கேயே தொடங்கலாம்.

ட்யூபை விடுவதுதான் கடினமான கட்டம். நிறுத்தியதும் முகம் முன்பைவிட மோசமாகும். பெரும்பாலோர் தோற்பது இங்கேதான், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. அடுத்த வாரம் தம்பி கல்யாணம் என்றால் யாருக்குத்தான் மனம் வரும்? இது நோய் திரும்புவது அல்ல, பழகிய தோல் மருந்தைக் கேட்கிறது. சிலருக்கு உடனே நிறுத்துவார்கள், நீண்டநாள் பூசியவர்களுக்குப் படிப்படியாக வீரியம் குறைந்ததுக்கு மாற்றுவார்கள். எரிச்சலுக்குக் குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்த மெல்லிய பருத்தித் துணி. அழற்சிக்கு டாக்ரோலிமஸ் போன்ற ஸ்டீராய்டு அல்லாத களிம்பு. அதுவும் முதல் சில நாள் எரியும். முன்கூட்டியே சொல்லாவிட்டால் நோயாளி அதைத் தூக்கிப்போட்டுவிட்டுப் பழைய கடைக்கே போய்விடுவார். பரு மாதிரிக் கிளம்பினால் சில வாரம் டாக்சிசைக்ளின் மாத்திரை. கர்ப்பிணிகளுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் அது கூடாது. முழுதாக அடங்கச் சிலருக்கு வாரங்கள், வருடக்கணக்கில் பூசியவர்களுக்கு மாதங்கள். விரிந்த ரத்தக்குழாய்கள் சில தானாக மறைவதில்லை.

அந்த மாதங்களில் முகத்துக்கு வேண்டியது மிகக் கொஞ்சம். வாசனை இல்லாத மாய்ஸ்சரைசர், வெயிலில் போகும்போது சன்ஸ்கிரீன், முகம் கழுவத் தண்ணீர் அல்லது மென்மையான க்ளென்சர். நம் தோல் லேசான அமிலத்தன்மை கொண்டது. சாதாரண சோப்பு காரம். கடலை மாவு, மஞ்சள், கற்றாழை, பார்லர் பேஷியல் எல்லாமே அப்போதைக்கு வேண்டாம்.

சட்டம் என்ன சொல்கிறது? டாக்டர் சீட்டுக்கு மட்டுமே விற்க வேண்டிய மருந்துகளின் ஷெட்யூல் ஹெச் பட்டியலில் ஸ்டீராய்டுகள் இருந்தாலும், மேலே பூசும் களிம்புகளுக்கு நெடுநாள் விலக்கு இருந்தது. தோல் மருத்துவர்கள் பல ஆண்டுகள் விடாமல் போராடிய பிறகு, 2018 மார்ச்சில் மத்திய சுகாதார அமைச்சகம் 14 ஸ்டீராய்டுகளுக்கு அந்த விலக்கை நீக்கியது. டாக்டர் சீட்டு இல்லாமல் அவற்றை விற்பது இன்று சட்டமீறல். அட்டையில் இருக்கும் சிவப்புக் கோடும் 'ஆர்எக்ஸ்' குறியும் அதைத்தான் சொல்கின்றன. கவுண்டரில் நடப்பது வேறு என்பது எல்லோருக்கும் தெரியும்.

பாதிக்கப்பட்டவர் கையில் சில வழிகள் உண்டு. எல்லாவற்றுக்கும் முதல் தேவை பில். கேட்டு வாங்குவது வாங்குபவரின் உரிமை, பேட்ச் எண் அதில் இருக்க வேண்டும். சீட்டில்லாமல் விற்கும் கடைமீது மாநில மருந்து கட்டுப்பாட்டுத் துறையின் மாவட்ட ஆய்வாளரிடம் எழுத்தில் புகார் தரலாம். பக்கவிளைவை 1800 180 3024 என்ற இலவச எண்ணில், மத்திய அரசின் மருந்துக் கண்காணிப்புத் திட்டத்திடம் நோயாளியே சொல்லலாம். தமிழிலும் படிவம் உண்டு. வாங்கிய கிரீமில் என்ன கலந்திருக்கிறது என்று சந்தேகமா? மருந்து மற்றும் அழகுப்பொருள் சட்டத்தின் 26ஆம் பிரிவு, கட்டணம் செலுத்தி அரசுப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்கக் கொடுக்கும் உரிமையைச் சாதாரண வாடிக்கையாளருக்கே தந்திருக்கிறது. நஷ்டஈடு கேட்க மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2 வருடத்துக்குள் போக வேண்டும், கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை, வக்கீல் இல்லாமலும் வாதாடலாம். விவரம் கேட்க 1915.

லேபிளே இல்லாத வெள்ளை டப்பாக்கள் விஷயத்தில் இந்த உரிமைகளை நிலைநாட்டுவதும் கடினம். பார்லரில் 'ஸ்பெஷல் க்ரீம்' என்று தருவதும் ஆன்லைனில் வெளிநாட்டுப் பெயரோடு வருவதும் இந்த ரகம். கேரளத்தின் மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்லில் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை ஒரு வகைச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரை டாக்டர்கள் ஆராய்ந்தார்கள். 15 பேரிடம் அரிதான ஓர் உட்பிரிவு தெரிந்தது; அந்த 15 பேரில் 13 பேர் முகம் வெளுக்கும் கிரீம் பூசியவர்கள். குற்றவாளி பாதரசம்.

முதல் முறை தோல் டாக்டரைப் பார்க்கப் போகும்போது வீட்டில் இருக்கும் எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு எடுத்துப்போவது நல்லது. வால் வரை சுருட்டிப் பிழிந்த பழைய ட்யூப், பவுடர், சாயப் பாக்கெட், பொட்டு அட்டை, எதுவும் விடுபடக் கூடாது. அதே ட்யூபை வீட்டில் வேறு யார் பூசுகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். அம்மா கண்ணாடி அலமாரியில் வைத்துவிட்டுப் போன பிறகு, பத்தாம் வகுப்பு படிக்கும் மகள் பருவுக்கு அதைத்தான் தொட்டுக்கொண்டிருப்பாள்.