கார் ஏன் சும்மா சும்மா கத்துது?



நம்ம மயிலாப்பூர் மாட வீதியில் நிற்கும் கார்களில் ஒன்று திடீர்னு அலறும். யாராவது திரும்பிப் பார்க்கிறார்களா? இல்லை! ‘புலி வருது’ கதைதான். தினமும் பொய்யாகக் கத்தும் காரை நிஜத் திருடன் தொட்டாலும் யாரும் எட்டிப் பார்க்க மாட்டாங்க. அதனால் இதைச் சரிசெய்வது முக்கியம். எங்க ஏரியா கார் எலக்ட்ரீஷியன் அண்ணாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

அலாரம் காரணம் இல்லாமல் கத்தாது. கதவு, டிக்கி, பானெட் எல்லாவற்றிலும் சின்ன சுவிட்ச் உண்டு. பல கார்களில் அதிர்வை உணரும் ஷாக் சென்சாரும் உண்டு. இதில் ஏதோ ஒன்று தப்பான செய்தி அனுப்புது. அது எதுன்னு கண்டுபிடிக்க, அலாரம் எப்போ எப்போ அடிக்குதுன்னு நாலு நாள் ஒரு தாளில் குறித்து வையுங்க.

1. பஸ் போனால், பட்டாசு வெடித்தால், பூனை குதித்தால் அடிக்குதா? ஷாக் சென்சார் ரொம்ப ‘ஷார்ப்’பா இருக்கு. நிறைய அலாரங்களில் இதைக் குறைக்க ஒரு சின்னத் திருகு இருக்கும். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, கண்ணாடியை உள்ளங்கையால் தட்டிப் பார்க்கணும். ஒரேயடியாகக் குறைத்தால் திருடன் வந்தாலும் தூங்கிவிடும்!

2. மழை பெய்த பிறகு, கார் கழுவிய பிறகு அடிக்குதா? பானெட் சுவிட்சைப் பாருங்க. தண்ணி, தூசி, நம்ம கடற்கரை உப்புக்காத்து எல்லாம் சேர்ந்து துருப்பிடிக்கும். சுத்தம் செய்யணும், இல்லேன்னா மாற்றணும்.

3. பல நாள் ஓட்டாமல் நிறுத்தினால் அடிக்குதா? பேட்டரி. முழு சார்ஜில் உள்ள 12 வோல்ட் பேட்டரி, வண்டி ஓடாதபோது மீட்டரில் சுமார் 12.6 காட்டும். 12-க்குக் கீழே போனால் சார்ஜ் தீரப் போகுதுன்னு அர்த்தம். வோல்டேஜ் இறங்கினால், யாரோ வயரைப் பிடுங்குறாங்கன்னு சில அலாரம் நினைச்சுக்கும்.

4. நேரம் காலமே இல்லையா? கதவை மூடிய பிறகு உள்ளே லைட் அணையுதா பாருங்க. அணையலைன்னா ஏதோ ஒரு கதவு சரியாக மூடலை, அல்லது அதன் சுவிட்ச் கெட்டுப்போச்சு.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்கணும். சயின்ஸ் லேபில் சொல்வாங்களே, அதே மாதிரி! கோபத்தில் வயரை வெட்டக் கூடாது, வண்டியே ஸ்டார்ட் ஆகாமல் போகலாம். பானெட்டைத் திறக்கும்போது பெரியவங்க கூட இருக்கணும்.

2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிக்கு இரவு 10 முதல் காலை 6 வரை வரம்பு 45 டெசிபல். சைரனோ 100-ஐத் தாண்டும்! எங்க பக்கத்து வீட்டுத் தாத்தா இதய ஆபரேஷன் ஆனவர். ராத்திரி 2 மணிக்கு அலாரம் அடித்தால், விடியும் வரை அவர் உட்கார்ந்தே இருப்பார்.

நண்பர்களே, இதை இன்றைக்கே வீட்டில் சொல்லுங்க. சும்மா கத்தாத காருக்குத்தான் ஊரே காவல்!

– 9-ஆம் வகுப்பு மாணவன்